மாசி வெயிலுக்கு முன் மலைக்குப் போய் வந்துவிடுங்கள்

பொங்கல் முடிந்த கையோடு ஒரு நாளைக் குறித்து வையுங்கள். சங்கரன்கோவில் பக்கத்து மலைக்காடுகளில் நடக்க இதைவிட நல்ல காலம் வருஷத்தில் கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைத் தண்ணீர் தெளிந்திருக்கிறது, புல்லிலும் இன்னும் ஈரம் இருக்கிறது. இது நீடிக்காது. பிப்ரவரி பாதியில் காட்டுத்தீ காலம் தொடங்கிவிடும். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை வனத்துறை மலையேற்றத்தையே நிறுத்தி வைத்தது. நமக்குக் கையில் இருப்பது தை மாதம் ஒன்றுதான்.

முதல் வேலை, அனுமதி. மேற்கே கண்ணுக்குத் தெரிகிற மலைதானே, புளியங்குடி பக்கம் போய் பைக்கை நிறுத்திவிட்டு ஏறிவிடலாம் என்று இளவட்டங்கள் கிளம்புவதைப் பார்க்கிறோம். அந்த மலைச்சரிவு 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயம். யானையும் கரடியும் நடமாடும் இடம். அனுமதியில்லாமல் நுழைவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வழி தெரிந்த ஆள் கூட இல்லையென்றால் அது உயிருக்கும் ஆபத்து.

முறையாகப் போக வழி இருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலமெங்கும் 40 பாதைகளைத் திறந்தார்கள். இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பழங்குடி மக்களிலிருந்தும் மலையடிவாரக் கிராமங்களிலிருந்தும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு. 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. விருதுநகர் – தென்காசி ரயில் பாதையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் இருப்பதால் கார் வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஊரிலிருந்து காட்டுக்குப் போக மட்டும் முந்தின நாளே ஆட்டோ பேசி வைத்துவிடுங்கள். புறப்படும் முன் அந்தத் தேதியில் பாதை திறந்திருக்கிறதா என்று மறுபடியும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடிவாரத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் நிற்க வேண்டும். காரணம் அந்த அணில்தான். உடம்பு எவ்வளவு நீளமோ வாலும் அவ்வளவு நீளம். காலையிலும் சாயங்காலத்திலும்தான் இரை தேடும், உச்சிவெயிலில் படுத்துவிடும். அண்ணாந்து தேடுவதைவிட முதலில் காதைக் கொடுங்கள். புளிய மரத்தடியில் ஓட்டுத் துண்டுகள் பொலபொலவென்று விழுந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் போட்டால் கிளையோடு கிளையாக அப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கும், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. தரைக்கு அநேகமாக இறங்குவதே இல்லை. மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும். அதனால்தான் ஓடையோரத்துப் புளியும் மாவும் கிளை கோத்து நிற்கிற இந்தக் காடு அதற்கு இவ்வளவு முக்கியம். நடுவில் ஒரு மரம் போனால் அதன் பாதையே அறுந்துபோகிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள். பத்து வயதுக்கு உட்பட்டவர்களை எளிய பாதைக்கு மட்டும், அதுவும் பெற்றோர் உடன் போனால்தான் விடுவார்கள்.

மலைக்குக் கிழக்கே இருக்கிற காடு என்பதால், ஊரில் ஆறு மணிக்கு மேலும் வெளிச்சம் இருந்தாலும் அங்கே சூரியன் முன்னதாகவே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். மதியம் மூன்று மணிக்குள் அடிவாரத்துக்குத் திரும்பும்படி திட்டமிடுங்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். சாப்பாட்டுக்குப் புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ கட்டிக்கொள்ளுங்கள், வெயிலிலும் கெடாது. பாலிதீன் வேண்டாம், வாழை இலை போதும். முழுக்கால் பேண்ட், பழகிய ஷூ, பச்சையிலோ காக்கியிலோ சட்டை. குலசாமி கோயிலுக்குப் போகும்போது அடுப்பும் பாத்திரமும் தூக்கிப் போய் பொங்கிச் சாப்பிடுவது நம் பழக்கம். இந்தப் பயணத்துக்கு அது ஆகாது. தீப்பெட்டியையும் பீடி சிகரெட்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இதைக் கண்டிப்பாகச் சொல்லக் காரணம் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் அந்த மலையில் நடந்து போனவர்களைத் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். மழைக்கு ஆளுயரம் வளர்ந்த புல் மாசியில் சருகாகிவிடும். அதில் பிடித்த தீ சரிவில் கீழிருந்து மேலே மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். தூரத்தில் புகை தெரிந்தாலே வழிகாட்டியிடம் சொல்லித் திரும்பிவிடுங்கள். பதிவுப் பணம் வீணாகிறதே என்று யோசிக்க வேண்டாம்.

தண்ணீரிலும் எச்சரிக்கை வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துப்போனது. நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் உச்சியில் கொட்டியிருக்கலாம். ஓடைத் தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, அந்தக் கணமே கரையேறி மேட்டுக்குப் போங்கள்.

யானையைக் கண்டால் போட்டோ எடுக்க நிற்காதீர்கள். வழிகாட்டி சொல்கிறபடி சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவதோ, கீறுவதோ, உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காட்டில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பி வந்ததும் உடுத்திய துணியை வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்துவிடுங்கள். மழைக்குப் பிந்தைய மாதங்களில் புல்லிலும் புதரிலும் இருக்கும் நுண்ணுண்ணிகள் கடித்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வருவது தமிழ்நாட்டில் சாதாரணம். கடித்த இடத்தில், பல சமயம் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ, சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது என்பதால் கண்ணில் படாமல் போய்விடும். மாத்திரையால் குணமாகிற நோய்தான், தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகும். போய் வந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். டாக்டரிடம் போய், காட்டுக்குப் போய் வந்தேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.