மைக்ரோ, நானோ, பிக்கோ: கெப்பாசிட்டர் கணக்கு

கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி மதர்போர்டைப் பார்த்திருக்கிறீர்களா? பிராசசரைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள் வரிசையாக நிற்கும். இவைதான் கெப்பாசிட்டர்கள். பள்ளிப் புத்தகத்தில் மின்தேக்கி என்று படித்திருப்பீர்கள். ஃபேன் ரிப்பேர் செய்பவர் கண்டன்சர் என்பார். மூன்றும் ஒன்றுதான். மின்சாரத்தைத் தேக்கி வைத்து, பிராசசருக்குப் போகும் வோல்டேஜ் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வது இங்கே இவற்றின் வேலை.

கம்ப்யூட்டர் அடிக்கடி தானாகவே ரீஸ்டார்ட் ஆனால், நான் இந்த உருளைகளின் தலையையும் பார்த்துவிடுவேன். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தக் கெப்பாசிட்டர் கெட்டுவிட்டது. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வந்த ஏராளமான மதர்போர்டுகள் இப்படிப் பழுதாயின. என் உறவினர் ஒருவரிடம் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார் ஒரு சர்வீஸ்காரர். உப்பியிருந்தவை மூன்றே மூன்று கெப்பாசிட்டர்கள். அவற்றை மாற்றியதும் அது ஓடியது. இப்படி மாற்றுவதற்கு அதன் மேல் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்.

கெப்பாசிட்டரின் கொள்திறனை ஃபாரட் என்ற அலகில் சொல்கிறார்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் நினைவாக வைத்த பெயர். 1 ஃபாரட் என்பது மிகப் பெரிய அளவு. எனவே அதைச் சிறு பங்குகளாக்கிப் பயன்படுத்துகிறோம். 1 ஃபாரட் என்பது 10 லட்சம் மைக்ரோ ஃபாரட். 1 மைக்ரோ என்பது 1000 நானோ. 1 நானோ என்பது 1000 பிக்கோ. கிலோபைட், மெகாபைட் போலத்தான். ஆனால் மெமரி கணக்கில் வரும் 1024 இங்கே கிடையாது, நேர் 1000. சிறிய அலகுக்கு இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் 1000-ஆல் பெருக்குங்கள், ஏறினால் வகுங்கள். 0.1 மைக்ரோ ஃபாரட்டும் 100 நானோ ஃபாரட்டும் 1,00,000 பிக்கோ ஃபாரட்டும் ஒரே அளவுதான்.

உருளை வடிவக் கெப்பாசிட்டரில் 1000 என்று எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது மைக்ரோ ஃபாரட். தட்டையான சிறு செராமிக் வில்லையில் 22 என்று மட்டும் இருந்தால் அது பிக்கோ ஃபாரட். வில்லையில் மூன்று இலக்கம் இருந்தால் முதல் இரண்டும் எண், மூன்றாவது அதற்குப் பின்னால் போட வேண்டிய சைபர்களின் எண்ணிக்கை. 104 என்றால் 10-க்குப் பின் நான்கு சைபர், அதாவது 1,00,000 பிக்கோ. மேலே பார்த்த அதே 0.1 மைக்ரோ! 472 என்றால் 4700 பிக்கோ, அதாவது 4.7 நானோ. கடைக்காரர் 104 என்பார், சர்க்யூட் படத்தில் 0.1 என்று இருக்கும். இரண்டும் வேறு என்று நினைத்து அலைய வேண்டாம்.

என்னைக் கேட்டால், இதில் மோசமான பொறி 'எம்' என்ற எழுத்துதான். முறைப்படி சிறிய எம் போட்டால் மில்லி; 1 மில்லி என்பது 1000 மைக்ரோ. மைக்ரோவுக்கு உரியது 'மியூ' என்ற கிரேக்க எழுத்து. அச்சில் சிலர் அதற்குப் பதில் 'யு' போடுவார்கள். ஆனால் பழைய கெப்பாசிட்டர்களிலும் ஃபேன் கண்டன்சர்களிலும் 'எம்.எஃப்.டி.' என்று இருக்கும். அது மில்லி அல்ல, மைக்ரோ. சீலிங் ஃபேனில் உள்ள 2.5 எம்.எஃப்.டி. என்பது 2.5 மைக்ரோ ஃபாரட்தான். மாறாக, சில டிஜிட்டல் மல்டிமீட்டர்கள் 1000 மைக்ரோ கெப்பாசிட்டரை அளக்கும்போது 1 எம்.எஃப். என்று காட்டும். அங்கே அது உண்மையிலேயே மில்லி.

மதர்போர்டில் மாற்றும்போது மைக்ரோ ஃபாரட் எண் அதேபோல் இருக்கட்டும். வோல்டேஜ் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையவே கூடாது. 6.3 வோல்ட் இருந்த இடத்தில் 10 வோல்ட் போடலாம், இடம் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 'லோ ஈ.எஸ்.ஆர்.' வகை என்று கேட்டு வாங்குங்கள். உருளையின் பக்கத்தில் கோடு போட்டிருக்கும் கால் நெகட்டிவ். திருப்பிப் போட்டால் வெடிக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும்.