விவாக வாக்குறுதியைப் புதுப்பித்தல்



பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் ஊர் நம்முடையது. அவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கூடுவது ஆண்டில் சில நாட்களே. பெரும்பாலும் கிறிஸ்மஸ் விடுமுறையில், அல்லது மே மாதத்தில். அந்த நாட்களில்தான் தாய்தகப்பனின் இருபத்தைந்தாம் ஆண்டையோ ஐம்பதாம் ஆண்டையோ கொண்டாட விரும்புகிறார்கள். "சாமி, அப்பா அம்மாவுக்கு மறுபடி கல்யாணம் செய்துவைக்க வேண்டும்" என்று கேட்டு வருகிறார்கள். நம் செட்டிநாட்டில் அறுபதாங் கலியாணமும் சதாபிஷேகமும் எவ்வளவு சிறப்பாய் நடக்கின்றன என்று நீங்கள் அறிவீர்கள். அதைப் பார்த்து நம்மவர்க்கும் ஆசை எழுவது குற்றமல்ல. ஆனால் நாம் செய்வது இன்னதென்று தெரிந்து செய்ய வேண்டும். ஆகையால் இவ்வாரம் சில கேள்விகளும் விடைகளும்.

கேள்வி: இது இரண்டாம் விவாகமா?

விடை: அல்ல. ஞானஸ்நானம் பெற்ற இருவர் முறைப்படி சம்மதம் கொடுத்து மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்தைப் பெற்றபின், இருவரும் உயிரோடிருக்குமளவும் அந்தக் கட்டு நிலைத்திருக்கிறது. அறுந்துபோகாத கயிற்றுக்கு மறுமுடிச்சு எதற்கு? ஆகவே ஓலை வாசிப்பதில்லை, விவாகப் புத்தகத்தில் புதிதாய்ப் பதிவதில்லை, புதுப்பெண்ணுக்குப்போல மறுபடி தாலி கட்டுவதும் தேவையில்லை. அன்று கொடுத்த வார்த்தைக்காக நன்றி சொல்லி, இனியும் அதில் நிற்க இஷ்டப்பிரசாதம் கேட்கிறோம். கையிலுள்ள மோதிரங்களையோ புதிய மோதிரங்களையோ குருவானவர் மந்திரிக்கலாம்.

கேள்வி: திருச்சபையில் இதற்குச் சடங்கு உண்டா?

விடை: உண்டு. 1991-ல் வெளிவந்த திருமணச் சடங்குநூலின் திருத்தப் பதிப்பிலேயே ஆண்டுநிறைவுக்கான ஆசீர்வாதம் இருக்கிறது. பூசைப் புத்தகத்தில் எந்த ஆண்டுநிறைவுக்கும், இருபத்தைந்தாம் ஆண்டுக்கும், ஐம்பதாம் ஆண்டுக்கும் தனித்தனி செபங்கள் உள்ளன. பிரசங்கத்திற்குப் பின் தம்பதிகள் மௌனமாகவோ வாய்விட்டோ தங்கள் தீர்மானத்தைப் புதுப்பிக்கிறார்கள். பரலோக மந்திரத்துக்குப் பின் குருவானவர் அவர்களை ஆசீர்வதிக்கிறார்.

கேள்வி: எந்த நாள் ஏற்றது?

விடை: கிறிஸ்து பிறப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருக்குடும்பத் திருநாள். பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் 1893-ல் ஏற்படுத்திய இத்திருநாளைப் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1921-ல் உலகத் திருச்சபை முழுவதற்கும் விரித்தார். 2022-ல் நேர்ந்ததுபோல் கிறிஸ்மஸே ஞாயிறானால் டிசம்பர் 30-ந் தேதி கொண்டாடப்படும். பிள்ளைகள் ஊரிலிருக்கும் நாள். சேசு, மரி, சூசை மூவரையும் நினைக்கும் நாள். இதைவிடப் பொருத்தம் வேறென்ன? தபசுகாலத்தையும் திருவருகைக்காலத்தையும் ஆடம்பரத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். விமானச் சீட்டு வாங்குமுன் பங்குக் குருவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபின் அல்ல.

கேள்வி: கோவிலில் விவாகம் செய்யாதவர்கள்?

விடை: ரிஜிஸ்தர் ஆபீசில் மட்டும் பதிவு செய்து காலந்தள்ளும் கத்தோலிக்கர் சிலர் உண்டு. புதுப்பித்தல் சடங்கினால் அந்தக் குறை தீராது. தீர்க்க வேறு வழி உண்டு. பந்தலும் மேளமும் வேண்டாம். சாட்சிகள் இருவர் போதும். வெட்கப்படாமல் தனியே வந்து பேசுங்கள். யாருக்கும் தெரியாமல் முடித்துவைப்பது குருவின் கடமை.

இனி முக்கியமான காரியத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், எந்தப் பங்கில் என்று நீங்கள் அறியவேண்டியதில்லை, ஒரு வீட்டுப் பிள்ளைகள் தாய்தகப்பனின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். பட்டுச் சேலை, மாலை, போட்டோக்காரர், மறுநாள் கொடைக்கானலுக்கு வேன். தம்பதிகளைத் தனித்தனியே கூப்பிட்டுப் பேசினேன். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவுக என்கிட்ட முகங்கொடுத்துப் பேசி ரெண்டு வருசமாச்சு சாமி. பிள்ளைகளுக்குத் தெரியாது" என்றார். மகனை வெளிநாடு அனுப்ப அவருடைய நகையைக் கேட்காமல் அடகு வைத்திருந்தார் கணவர். மனைவி ஒரு நாள் கடுஞ்சொல் சொல்லிவிட்டார். நகை திரும்பியது, பேச்சு திரும்பவில்லை.

நாளை நான் தள்ளிவைக்கவில்லை. ஒன்றே கேட்டேன்: அந்நாள் வரும்வரை தினமும் இரவில் இருவரும் சேர்ந்து ஒரு பரலோக மந்திரம் சொல்லவேண்டும். முதல் இரண்டு நாள் சுவரைப் பார்த்துச் சொன்னார்களாம். மூன்றாம் நாள், பிறர் குற்றத்தைப் பொறுக்கும் இடம் வந்தபோது அந்த மனிதர் மேலே சொல்லமுடியாமல் நிறுத்தினார். சற்றுப் பொறுத்து, "உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் இருவரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய வெள்ளிவிழா உண்மையில் நடந்தது அன்றைக்கே என்பேன்.

பிள்ளைகளே, மண்டபத்தைத் தேடுமுன் தாய்தகப்பனின் மனதைத் தேடுங்கள். "உங்களுக்கு இது சம்மதமா?" என்று இருவரையும் கேளுங்கள். பிரான்சிஸ் பாப்பரசர் 2016-ல் குடும்ப அன்பைப்பற்றி எழுதிய நிருபத்தில் மூன்று வார்த்தைகளைக் குடும்பங்களுக்குக் கற்பித்தார்: தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள். இம்மூன்றும் புழங்காத வீட்டில் மாலை மாற்றிப் பயனில்லை. கடன் வாங்கி விருந்து வைக்கவும் வேண்டாம். ஒரு பந்தியைக் குறைத்து, பங்கிலுள்ள ஓர் ஏழைப் பெண்ணின் விவாகத்துக்கு உதவினால் சர்வேசுரன் அதைக் கணக்கில் வைப்பார்.

விடுமுறையில் எங்கே போவது என்று கேட்கிறீர்களா? கொடைக்கானல் குளிர்ச்சிதான். ஆனால் ஓரியூர் நமக்கு அதைவிட அருகில் இருக்கிறது. அங்கே 1693 பெப்ருவரி 4-ந் தேதி அர்ச். அருளானந்தர் தலைவெட்டுண்டு வேதசாட்சியானார். காரணம் என்ன? மறவர் தலைவர் தடியத்தேவர் வேதத்தில் சேர்ந்தபோது, பல மனைவியரில் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அவள் முறையிட்டதன் பேரில் போர்த்துக்கல் தேசத்துக் குருவானவர் பிடிபட்டார். ஒருவனுக்கு ஒருத்தி என்ற விவாக ஒழுங்குக்காக இரத்தம் சிந்தின மண் அது. 1947-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை அர்ச்சியசிஷ்டர் பட்டத்துக்கு உயர்த்தினார். ஆண்டுநிறைவுத் தம்பதிகள் பிள்ளை, பேரப்பிள்ளைகளோடு அந்தச் செம்மண்ணில் முழந்தாளிட்டு, அந்தக் கதையைச் சிறுவர்க்குச் சொல்லுங்கள். தாத்தாவும் பாட்டியும் காத்துவந்த வார்த்தையின் விலை அவர்களுக்கு அப்போது விளங்கும்.

துணையை இழந்தவர்களும், துணையால் கைவிடப்பட்டவர்களும் அன்று கோவிலில் இருப்பார்கள். அவர்களை மறவாதீர்கள். உங்கள் வரிசையிலேயே அவர்களுக்கு இடங்கொடுங்கள்.

இவ்வாரத் தீர்மானம்: விவாகமானவர்கள் ஒவ்வொருவரும் இன்றிரவு துணையோடு ஒரு பரலோக மந்திரம் சேர்ந்து சொல்லவும். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால், நிறுத்துங்கள்.

நாசரேத்தூர் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக.

உங்கள் பங்குக் குரு