கை வேலையா, மேசை வேலையா?

கேள்வி: என் மூத்த மகன் பழுதான மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறான். இளையவன் புத்தகத்தை விட்டு எழுவதில்லை. இந்த விருப்பமெல்லாம் பிறவியிலேயே வருவதுதானா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: பிறவி நாட்டம் உண்டு, உங்கள் பிள்ளைகளே சாட்சி. ஆனால் 'பிறவி' என்ற சொல்லை நம் ஊரில் கவனமாகக் கையாள வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. 'குலக்கல்வி' என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. வேறு வழியில்லாமல் செய்யும் வேலையை நாட்டம் என்று சொல்லக் கூடாது.

மேசை வேலையைப் பலர் விரும்புவதற்கும் திறமை மட்டுமே காரணமில்லை. நிழல், மாதச் சம்பளம், மரியாதை எல்லாம் அங்கே இருக்கின்றன. கொத்தனாருக்கும் தச்சருக்கும் அவை கிடைத்தால் எத்தனை பேரின் விருப்பம் மாறும்!

கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்கு வந்தார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். உங்கள் மிக்ஸிக்கு வரும் மின்சாரம் பெரும்பாலும் அந்தத் தத்துவத்தில்தான் பிறக்கிறது. கைக்கும் மூளைக்கும் நடுவே சுவர் இல்லை.

மூத்தவன் ஐடிஐ, பாலிடெக்னிக் என்று போக விரும்பினால் மனதார அனுப்புங்கள். அவனுக்கு நல்ல புத்தகங்களும், இளையவன் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொடுங்கள். இரண்டையும் தொட்டுப் பார்த்த பிறகு அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.