பழவேற்காட்டில் படிக்க வருபவர் எங்கே தங்கலாம்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து களஆய்வுக்கு வருகிறவர்களானாலும், சென்னைக் கல்லூரிகளிலிருந்து வரும் நம் பிள்ளைகளானாலும், பழவேற்காடு என்றதும் எழும் முதல் கேள்வி தங்குமிடம்தான். சென்னையிலிருந்து தினமும் வந்து போகலாம். பொன்னேரியில் அறை எடுக்கலாம். பழவேற்காடு பஜார் பக்கம் ஒரு மாடி அறை தேடலாம். அல்லது குப்பத்தில் ஒரு மீனவர் வீட்டில், அந்தக் குடும்பத்தோடு இருக்கலாம். பலரும் வாடகையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். என்ன படிக்க வந்தோம் என்பதைப் பார்த்து முடிவு செய்வதே சரி.

டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டையின் எச்சமும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும்தான் உங்கள் பாடமென்றால் சென்னையே போதும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்தால் முற்பகலில் வேலையைத் தொடங்கிவிடலாம். பூநாரைகளைப் பார்க்க வருபவருக்குப் பொன்னேரி வசதி. பழவேற்காடு ஏரியில் தமிழக எல்லைக்குள் இருக்கும் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால், வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மீனவர் வாழ்க்கையைப் படிக்க வருபவருக்கு இந்த இரண்டும் உதவாது. விடிவதற்கு முன்பே படகுகள் போய்விடுகின்றன. நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது ஏலம் முடிந்து, கூடைகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். கேள்வித்தாளை நிரப்பலாம், அவ்வளவுதான். சாயங்காலம் திண்ணையில் வலை பொத்தும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். கால் கட்டைவிரலில் வலைக்கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியில் சுற்றிய நரம்பால் கிழிசலை முடிச்சுப் போட்டு அடைத்தபடி ஒருவர் பேசுவார். கை வேலையில் இருப்பதால் வாய் தாராளமாகப் பேசும். எந்த முகத்துவாரம் எந்த வருஷம் தூர்ந்தது, யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அப்போதுதான் வரும்.

அதற்காக வந்த அன்றே பெட்டியோடு குப்பத்து வீட்டில் இறங்கிவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் பஜார் அறையில் இருங்கள் என்பது என் திடமான யோசனை. காரணம், இங்கே ஒரு வீட்டில் தங்குவது ஒரு தரப்பில் சேர்வதுபோல. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் சுத்து வலை கட்டலாம் என்பதை முறைவைத்து ஊரே தீர்மானிக்கும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்களில் தலைக்கட்டு, அதாவது ஊர் உறுப்புரிமை, உள்ளவருக்குத்தான் அதில் பங்கு. ஏரியை நம்பியிருக்கும் மற்ற சமூகத்தார் அதற்கு வெளியே நிற்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அவர்களில் உண்டு. பாடு உள்ளவர், இல்லாதவர் என்ற இந்தப் பிளவை ஆய்வாளர் சாரா கோல்தார்டு 2008இல் வெளியான கட்டுரையில் எடுத்துப் பேசியிருக்கிறார். பாடுக்காரர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கும் ஒருவரிடம் இறால் தடவும் பெண் மனம்விட்டுப் பேசுவாளா? ஊர்த் தலைவர் வீடு இன்னும் சிக்கல். எல்லாரும் உங்களிடம் மரியாதையாகப் பேசுவார்கள், உண்மையை மட்டும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் எல்லாத் தெருவிலும் முகத்தைக் காட்டுங்கள். ஊர்ப் பெரியவர்களைச் சந்தித்து, எதற்கு வந்தீர்கள், எத்தனை மாதம், எழுதியதைக் கொண்டு என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் சரி என்ற பிறகு வீடு பாருங்கள். பகலில் ஒரு பெண்ணாவது இருக்கும் வீடாக அது இருக்கட்டும். மீன் விற்கப் போகும் அக்கா காலையில் கிளம்பினால் திரும்ப நேரமாகும்; வீட்டில் ஓர் ஆயா இருந்தால் உங்களுக்குச் சோறும் கிடைக்கும், பழங்கதையும் கிடைக்கும். மாணவி என்றால் உள்தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை யார் சுமக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு குடம் உங்கள் பங்கு.

பணத்தை முதல் நாளே பேசி, மாதப் பிறப்பில் வீட்டு அக்காவின் கையில் கொடுங்கள். “நீ என்ன ஓட்டல்லயா தங்கியிருக்க?” என்று அவர் கோபித்துக்கொள்வார். கோபம் உண்மை, தேவையும் உண்மை. வடகிழக்குப் பருவமழையில் படகு கடலுக்குப் போகாத நாள்கள் வரும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும்போதும் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பார்கள். அந்த வாரங்களில் உங்கள் தட்டில் விழும் மடவை மீன் துண்டு யாருடைய பங்கிலிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் தெரிவித்தாக வேண்டும். இது ஓட்டலுக்கு மட்டுமல்ல, சாதாரண வீட்டுக்கும் பொருந்தும். மீனவர் குடும்பத்துக்கு இது பழக்கமில்லாத வேலை. கல்லூரி மூலம் ஆள் பிடித்து நீங்களே கூட உட்கார்ந்து முடித்துக் கொடுங்கள். போலீஸ் அந்த வீட்டுக் கதவைத் தட்டும் நிலை வரக் கூடாது.

படகில் ஏறும் ஆசையைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தொழிலுக்குப் போகும் படகில் மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். தங்கியிருக்கும் வீட்டு அண்ணன் “ஒண்ணும் ஆகாது, வா” என்று கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

வீடு ஒத்துவரவில்லை என்றால் அதே குப்பத்தில் இன்னொரு வீட்டுக்கு மாறாதீர்கள். முதல் குடும்பத்தை ஊர் குறை சொல்லும். எழுத்து வேலை குவிந்துவிட்டது என்று சொல்லிப் பஜார் அறைக்குத் திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போங்கள்.