நெஞ்சுக்கு என்ன சொல்வது?

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஜவுளிக்கடைகள் அடைபட்டபோது, “நான் என்ன செய்வேன்?” என்று இரவெல்லாம் புலம்பாத வியாபாரி பாயா ரும்புட்டில் உண்டா?

அந்தப் புலம்பலில் “நான்” என்ற சொல்லே பாதித் தொல்லை. 2014-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் கிராஸும் அவர் கூட்டத்தாரும் ஆராய்ந்து கண்டது இது: மேடையேறுமுன் தம் பெயரைச் சொல்லித் தம்மோடு பேசிக்கொண்டவர்கள், “நான்” என்று எண்ணியவர்களைவிடப் பதற்றம் குறைந்து நன்றாகப் பேசினர். (வள்ளுவரும் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார், அது காதலில் வாடுவோர் பேச்சு, கடைக்காரர் பேச்சன்று!) பிறர் தொல்லைக்கு நிதானமாக யோசனை சொல்லும் நமக்கு, நம் தொல்லையில் புத்தி மங்கிவிடுகிறது.

“எல்லாம் சரியாகும்” என்ற வெறும் வார்த்தை கடனை அடைக்காது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து, மருமகனுக்குச் சொல்வதுபோல், “காதர், விற்காத சரக்கை இன்றிரவே எழுது, நாளைக் காலையில் மொத்த வியாபாரியிடம் தவணை கேள்” என்று உங்கள் பெயரைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.