சிரிப்பும் சவரமும்


ஆஸ்திரேலியாவில் இரத்தப் புற்றுநோயாளிகளுக்காக லுகேமியா ஃபவுண்டேஷன் 1998 முதல் நடத்திவரும் தலைமழிப்பு இயக்கத்தில் கல்லூரி விடுதி மாணவர்களும் பங்கெடுக்கிறார்கள். ஒருவர் மொட்டையடிப்பார், இன்னொருவர் முடிக்குப் பச்சை வர்ணம் பூசுவார். நண்பர்கள் சிரித்துக்கொண்டே பணம் கொடுப்பார்கள். (வாக்குப்பண்ணின பணத்தை மழிக்குமுன் வாங்கிவிடுவது நலம்!)

இது வெறும் கேலிக்கூத்து என்றே நாங்களும் முதலில் எண்ணினோம். புற்றுநோய் மருந்துகள் பலவும் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. மயிர்க்கால்களின் செல்களும் அத்தகையவையே. ஆகவே முடி கொட்டுகிறது. சிகிச்சைக்குப்பின் பெரும்பாலும் வளர்ந்துவிடும். அதுவரை கண்ணாடி பார்க்கவே கூசுகிறவர்கள் உண்டு. மாணவன் மனதார மழித்துக்கொள்கிறான். நோயாளியிடமோ யாரும் சம்மதம் கேட்கவில்லை. விடுதியில் பத்து மொட்டைத்தலைகள் நடமாடினால், சிகிச்சை முடித்துத் திரும்பும் மாணவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டே சாப்பாட்டு அறைக்கு வரக்கூடும்.