கார்ப்பெட்டைப் போகியில் போடலாமா?

கேள்வி: எங்கள் தரைத்தள வீட்டு ஹாலில் 12-க்கு 10 அடி கார்ப்பெட் கிடக்கிறது. மழையில் தண்ணீர் புகுந்து ஊறிவிட்டது. காயவைத்தும் நாற்றம் போகவில்லை. பழைய பேப்பர்காரர் தொடவே மாட்டேன் என்கிறார். "போகிக்குக் கொளுத்திவிடலாம்" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- வாசகி, வேளச்சேரி

பதில்: கொளுத்த மட்டும் வேண்டாம். முதலில் ஒரு மூலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே உள்ள டிசைன் அடியிலும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது கையால் முடைந்தது. காஷ்மீர், பதோஹிக் கம்பளமாகக்கூட இருக்கலாம். அதைக் கழிக்காமல், கம்பளம் வெளுத்து இழை போடுபவரிடம் காட்டுங்கள்.

அடியில் சாக்குபோல வலைத்துணி ஒட்டியிருந்தால் மெஷின் கார்ப்பெட். பெரும்பாலும் மேலே நைலான் அல்லது பாலிப்ரொப்பிலீன் இழை, கீழே பிளாஸ்டிக் வலை, நடுவில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்த லேடெக்ஸ் பசை. பழைய கார்ப்பெட்டைத் தூக்கினால் தரையில் வெள்ளையாக உதிர்வது இந்தப் பசைதான். மூன்றையும் பிரித்தெடுப்பது பெரும்பாடு என்பதால் காயலான் கடையில் இதற்கு விலையில்லை.

உங்கள் மாமியார் காலத்துப் போகித் தீயில் விழுந்தவை கோரைப்பாயும் முறமும். இது பிளாஸ்டிக். நைலான் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவும் வரும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

நனையாத கார்ப்பெட் என்றால் யாருக்காவது கொடுக்கச் சொல்லியிருப்பேன். சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறியதைத் தானம் செய்யக் கூடாது. பூஞ்சை ஆஸ்துமாக்காரர்களைப் படுத்திவிடும். களை வராமலிருக்கத் தோட்டத்தில் விரிப்பதும் வேண்டாம். இழை நைந்து மண்ணெல்லாம் பிளாஸ்டிக் ஆகும்.

மொட்டைமாடியில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு தூக்க இரண்டு ஆள் போதாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, குப்புறப் போட்டு, அடிப்பக்கத்திலிருந்து கட்டர் பிளேடால் இரண்டடி அகலப் பட்டைகளாக அறுங்கள். மேலிருந்து அறுத்தால் இழையில் பிளேடு சிக்கும். ஒவ்வொரு பட்டையையும் சுருட்டிக் கயிற்றால் கட்டுங்கள். பிறகு மாநகராட்சியின் 1913-ஐ அழைத்து, கார்ப்பெட் என்பதையும் எத்தனை சுருள் என்பதையும் சொல்லிப் பதியுங்கள். சோபா, மெத்தை போன்றவற்றை அவர்கள் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள். வெளியூர் வாசகர்கள் வார்டு சுகாதார ஆய்வாளரைக் கேட்கலாம்.

"அவர்களும் எரிக்கத்தானே போகிறார்கள்?" என்று மாமியார் கேட்கக்கூடும். மறுசுழற்சிக்கு ஆகாத, எரியக்கூடிய கழிவு சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போவதுண்டு. அந்த உலையின் சூடு 1,400 டிகிரியைத் தாண்டும். புகையும் வடிகட்டப்பட்டே வெளியேறும். பசையிலுள்ள சுண்ணாம்புகூட சிமென்ட்டோடு சேர்ந்துவிடும். தெருமுனைத் தீயில் இதெல்லாம் நடக்காது.

தண்ணீர் புகும் வீட்டுக்கு மறுபடியும் கார்ப்பெட் வாங்காதீர்கள். பருத்தி ஜமக்காளம் போதும். மழை எச்சரிக்கை வந்ததும் சுருட்டிப் பரணில் போடலாம். நனைந்தாலும் துவைத்துக் காயப்போடலாம்.